சாம்பாரில் பருப்பு எங்கேங்க?

சாம்பார் ஆறினா என்ன ஆகணும்? பருப்பு மெல்ல அடியில் இறங்கணும், மேலே புளித்தண்ணி தெளியணும். கரண்டி விட்டு ஒரு கலக்கு கலக்கினா மறுபடி ஒண்ணு சேரணும். நம்ம வீட்டுச் சாம்பார் அப்படித்தானே? ஆனா இங்கே கொல்கத்தாவில் பார்சல் வாங்கி வரும் சாம்பாரைப் பாருங்க. அடியில் இறங்க அதில் ஒண்ணுமே இல்லை. ஆறினதும் வழவழன்னு, கண்ணாடி மாதிரி பளபளன்னு ஒரே கட்டியா நிக்குது. பருப்பும் ஆறினா கெட்டிப்படும், தெரியும். ஆனா பருப்பு கெட்டிப்பட்டா மணல்மணலா, கலங்கலா இருக்கும். பளபளக்காது. பளபளத்தா அது கார்ன்ஃப்ளார். இல்லேன்னா மைதா.

எனக்குக் கோபம் வருதுங்க. நிஜமாவே வருது.

இது எந்த ஊர் மூலையிலோ நடந்தா போகட்டும்னு விடலாம். தெற்குக் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டைச் சுத்தி நடக்குது. ராஷ்பிஹாரி அவென்யூ பக்கம் ரெண்டு மூணு தலைமுறையா தமிழர்கள் குடியிருக்கிற இடம். வாழையிலை கிடைக்கும், முருங்கைக்காய் கிடைக்கும், காபிக்கொட்டையை வறுத்து அரைச்சுக் கொடுப்பாங்க. காலையில் மார்க்கெட் பக்கம் நடந்தா மல்லிப்பூ வாசனை வரும். இவ்வளவையும் ஆயிரம் மைல் தாண்டிக் கொண்டுவந்து காப்பாத்தின ஊரில், சாம்பாரில் போட ஒரு கைப்பிடி துவரம்பருப்புக்கா பஞ்சம்?

எப்போ ஆரம்பிச்சதுன்னு யோசிச்சுப் பார்க்கிறேன். 2015 கடைசியில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதே, ஞாபகம் இருக்கா? நாடு முழுக்க அதே பேச்சு. அப்போ ஹோட்டல்காரங்க பருப்பைக் குறைச்சாங்க. அது நியாயம்தான், அவங்களும் பிழைக்கணும். குறைச்ச இடத்தில் பரங்கிக்காயை வேகவச்சு மசிச்சுச் சேர்த்திருக்கலாம். டிபன் சாம்பாருக்கு அது காலங்காலமா இருக்கிற வழிதான், ருசியும் நல்லாவே இருக்கும். பாசிப்பருப்பைக் கலந்திருக்கலாம். கொஞ்சம் பொட்டுக்கடலையைப் பொடிச்சுப் போட்டிருக்கலாம். அதெல்லாம் சாப்பாடு. ஆனா வேலை கம்மியான வழி வேற ஒண்ணு இருந்தது. கார்ன்ஃப்ளாரைப் பச்சைத்தண்ணியில் கரைச்சு ஊத்து, ரெண்டு நிமிஷம் கிளறு, முடிஞ்சது. அப்புறம் பருப்பு விலை இறங்கிச்சு. மாவு மட்டும் இறங்கவே இல்லை.

மாவு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா கோபம் இன்னும் கூடும். மாவுச்சத்து சின்னச் சின்ன மணிகளா இருக்கும். பச்சைத்தண்ணியில் சும்மா கிடக்கும். 60, 65 டிகிரி சூட்டைத் தாண்டும்போது தண்ணியை உறிஞ்சி உப்ப ஆரம்பிக்கும். கொதிநிலையை நெருங்க நெருங்கக் குழம்பு முழுக்கக் கெட்டிப்படும். அதாவது உங்க கிண்ணத்தில் கெட்டியா நிக்கிறது பெரும்பாலும் தண்ணி. தண்ணியை நிக்க வச்சிருக்காங்க, அவ்வளவுதான். புளிப்பில் ரொம்ப நேரம் கொதிச்சா அந்தக் கெட்டி மறுபடி இளகிப் போகும். அதனால்தான் காலையிலிருந்து அடுப்பில் கொதிச்சுக்கிட்டே இருக்கிற அண்டாவில் பத்து மணிக்கு ஒரு தரம், பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம் மாவுத்தண்ணி இறங்குது. நீங்களே வீட்டில் பார்த்திருப்பீங்க. பாதி சாப்பிட்டு வச்ச கிரேவி கொஞ்ச நேரத்தில் தண்ணியா ஓடும். நம்ம எச்சிலில் இருக்கிற நொதி மாவுச்சத்தைக் கரைச்சுடுது, அதான். ஸ்பூன் பட்டதும் வேஷம் கலைஞ்சு போகுது.

நம்ம ஆட்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இந்த ஊரில் எங்கே போனாலும் இதே கதைதான். கல்யாண கேட்டரிங்கில் தக்காளி சூப், க்ளப்பில் ஸ்வீட் கார்ன் சூப், ரோட்டோரக் கடையில் பனீர் பட்டர் மசாலா... நிறம்தான் மாறுது, வாயில் படற அந்த வழவழப்பு மாறவே மாட்டேங்குது. முந்திரி அரைச்சுப் போடவேண்டிய இடத்தில் மாவு. வெங்காயத்தைப் பொறுமையா வதக்கவேண்டிய இடத்திலும் மாவு.

ஒரு விஷயத்தில் நியாயமா பேசணும். சைனீஸ் சாப்பாட்டில் கார்ன்ஃப்ளார் இருக்கேன்னு யாரும் சண்டைக்கு வரவேண்டாம். இந்த ஊர் சைனா டவுன்களான டாங்ராவிலும் திரெட்டி பஜாரிலும் ஹக்கா சமையல்காரங்க பல தலைமுறையா அதைக் கையாளுறாங்க. கறித்துண்டு மெத்துன்னு இருக்க ஒரு பூச்சு, கடைசியில் சாஸ் காயில் ஒட்ட ஒரு கரண்டி. அங்கே அந்த மாவுக்கு ஒரு வேலை இருக்கு, கை அளவு தெரியும், சாப்பிடறவங்களுக்கும் அது இருக்குன்னு தெரியும். "ட்ரையா, கிரேவியா"ன்னு கேட்டுத்தான் கொண்டுவருவாங்க. அதில் எந்த ஏமாத்தும் இல்லை. இந்த ஊரில் பிறந்த நெல்சன் வாங் 1975-இல் பம்பாயில் சிக்கன் மஞ்சூரியனைச் செஞ்சார். சோயா சாஸோட கார்ன்ஃப்ளாரும் சேர்ந்ததுதான் அந்தப் பண்டம். சரி, அதுக்கு அது. சாம்பாருக்கும் அதுவேவா? மோர்க்குழம்புக்குமா? ஊறவச்ச அரிசியும் தேங்காயும் தனியாவும் அரைச்சு ஊத்தினா தானா கெட்டிப்படுமே! அதை அரைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பெங்காலிகளுக்கு இந்தச் சோகம் போஸ்தோவில் வந்திருக்கு. போஸ்தோன்னா நம்ம கசகசாதான். நமக்கு அது குருமாவில் ஒரு ஸ்பூன். இவங்களுக்கு அது ஒரு முழுச் சாப்பாடு. ஆலு போஸ்தோவில் உருளைக்கிழங்கைச் சேர்த்துப் பிடிக்கிறதே அந்த அரைச்ச விழுதுதான். கசகசா அபினிச் செடியின் விதை. நினைச்சவங்க நினைச்ச இடத்தில் விதைக்க முடியாது, மத்திய அரசின் லைசென்ஸ் வேணும். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மூணுக்கும்தான் அது கிடைக்குது. மீதியைத் துருக்கி மாதிரி நாடுகளிலிருந்து இறக்குமதி பண்றோம். விலை ஏறாமல் என்ன செய்யும்? 2023-இல் முதல்வர் மம்தா பானர்ஜி சட்டசபையிலேயே இதைக் கேட்டார், வங்காளத்தில் ஏன் பயிரிட விடமாட்டேங்கறீங்கன்னு. ஒரு கெட்டிப்பொருளுக்காக ஒரு மாநிலத்தின் முதல்வர் சட்டசபையில் பேசவேண்டி வந்தது, பாருங்க.

விலை ஏறினதும் பலர் சார்மகஜுக்கு மாறினாங்க. பூசணி, வெள்ளரி, தர்பூசணி, முலாம்பழ விதைகளை உரிச்சு அரைக்கிறது. அது தப்பே இல்லை. பக்கத்து வீட்டு பௌதி (இங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவாங்க) என்கிட்ட வெளிப்படையாவே சொல்வாங்க, இந்த வாரம் பாதி போஸ்தோ, பாதி சார்மகஜ்னு. சொல்லிட்டுப் போடறாங்க. விருந்தாளிக்கும் சொல்றாங்க. எனக்கு இதுதான் வேணும். மாற்றுப்பொருள் வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. அதை மறைக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

மறைச்சா என்ன ஆகும்னு கேக்கறீங்களா? சொல்றேன்.

என் அக்கா மகள் துர்கா பூஜைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு சீலியாக். கோதுமையில் இருக்கிற க்ளூட்டன் உள்ளே போனா சிறுகுடலின் உள்பூச்சையே அவள் உடம்பு தாக்கும். மருந்து கிடையாது, ஆயுசுக்கும் க்ளூட்டனைத் தொடாம இருக்கிறதுதான் ஒரே வைத்தியம். பந்தல் பார்த்துட்டு ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம். பூரியும் வேண்டாம் நானும் வேண்டாம்னு சாதமும் ஒரு காய்கறிக் கிரேவியும் சொன்னாள். நான் சர்வரைக் கூப்பிட்டு அழுத்தி அழுத்திக் கேட்டேன், "தாதா, இதில் மைதா இருக்கா?" "நா திதி, மைதா நேய்"னு அடிச்சுச் சொன்னார். ராத்திரி முழுக்க அவள் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, "சித்தி, அதில் ஏதோ இருந்திருக்கு"ன்னு துவண்டு கிடந்தாள். மறுநாள் நானே போய்க் கேட்டேன். முதலாளி பொறுமையாத்தான் பதில் சொன்னார். "மைதா இல்லம்மா. கிரேவி கெட்டியா இருக்கக் கொஞ்சம் போடுவோம், அவ்வளவுதான்."

கவனிச்சீங்களா? அவர் பொய் சொல்லலை. அவர் கணக்கில் அது மைதாவே இல்லை. மைதான்னா பூரி, மைதான்னா பரோட்டா. குழம்பில் கரைச்சது ஒரு பண்டமாவே அவருக்குத் தோணலை. சர்வருக்கும் தோணலை, சமையல்காரருக்கும் தோணலை. கெட்டிப்படுத்தப் போடற மாவு யாருடைய கணக்கிலும் வராத பொருளா ஆயிடுச்சு. அவள் குடலுக்கு மட்டும் அந்தக் கணக்குத் தெரியுது.

அதோட முடியலை. பெருங்காயம் இருக்கே, டப்பாவில் வர்ற பொடிப் பெருங்காயம், அதில் பெரும்பாலும் கோதுமை மாவும் கோந்தும்தான் சேர்மானம். சுத்தப் பெருங்காயத்தைப் பிசினோட மாவு சேர்த்துத்தான் பொடியாக்குறாங்க. டப்பாவின் பின்னாடி எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்க. அரிசி மாவை நிரப்பி, க்ளூட்டன் இல்லைன்னு அச்சடிச்ச பெருங்காயமும் வருது, தேடி வாங்கணும். இத்தனையும் அந்தப் பொண்ணு கத்துக்கிட்டு, ஒவ்வொரு ஹோட்டலிலும் ரசத்தில் என்ன பெருங்காயம்னு கேட்டா, அவளை ஏதோ வம்புக்காரி மாதிரி பார்க்கிறாங்க.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. சாதத்தை அளந்து சாப்பிடறவர். கிண்ணத்தில் கிடக்கிற மாவை எதை வச்சு அளப்பார்?

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. பாக்கெட்டில் வர்ற பொருளில் கோதுமை மாதிரி ஒவ்வாமை தர்றது எது இருந்தாலும் சொல்லணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2020 லேபிள் விதிகள் சொல்லுது. ஹோட்டலுக்கும் அதில் இடம் இருக்கு. ஆனா மத்திய லைசென்ஸ் வச்சிருக்கிற, இல்லேன்னா பத்து இடத்துக்குக் குறையாமல் கிளை வச்சிருக்கிற பெரிய கடைகளுக்குத்தான் அந்தக் கட்டாயம். நீங்களும் நானும் தினம் சாப்பிடற ஒத்தைக் கடை அந்த விதிக்கு வெளியே நிக்குது. பாக்கெட்டிலாவது நிம்மதியா படிக்க முடியுதா? கெட்டிப்படுத்தும் பொருள்னு எழுதி, பக்கத்தில் 1422, 1442, 415-னு நம்பர். முதல் ரெண்டும் ரசாயன முறையில் மாத்தின மாவுச்சத்து, மூணாவது சாந்தன் கம். மூணும் அனுமதி வாங்கினதுதான், நான் விஷம்னு சொல்லலை. ஆனா ரேஷன் கார்டு வச்சிருக்கிற ஒரு அம்மா கடையில் நின்னு அந்த நம்பரை என்னன்னு புரிஞ்சுக்குவாங்க?

வீட்டிலேயே சோதிச்சுப் பார்க்கலாம்னு ஒருத்தர் சொன்னார். மருந்துக்கடை டிங்சர் அயோடின் ரெண்டு சொட்டு விட்டா மாவுச்சத்து நீலமா மாறும். பால், பனீர், கோவா, சானா (பாலைத் திரிச்சு எடுக்கிறது) எல்லாத்துக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐயே சொல்லித்தர்ற சோதனை அது. ரசகுல்லா ஊர் இது, சானாவில் மாவு கலந்தா அந்தச் சொட்டு காட்டிக் கொடுத்துடும். ஆனா சாம்பாரில் விட்டுப் பாருங்க, நல்ல சாம்பாரும் நீலமாத்தான் ஆகும். பருப்பிலேயே மாவுச்சத்து இருக்கே! பாலில் கலந்தவன் மாட்டுவான், பருப்பில் கலந்தவன் மாட்டவே மாட்டான். இதைவிட வசதியான ஒளிவிடம் எங்கே கிடைக்கும்?

மாவுச்சத்து மேல எனக்கு எந்த விரோதமும் இல்லைங்க. இந்த ஊரில் இருந்துக்கிட்டு யாராலும் அப்படிப் பேச முடியாது. 1943-இல் மேதினிபூரிலிருந்தும் 24 பர்கானாக்களிலிருந்தும் பட்டினியில் நடந்து வந்த ஜனங்க இந்தத் தெருக்களில் வீட்டு வாசல்ல நின்னு சோறு கேக்கலை. "ஃபேன் தாவ், மா"ன்னு கேட்டாங்க. சோறு வடிச்ச கஞ்சித்தண்ணி கொடுங்கம்மா, அவ்வளவுதான். அந்தத் தண்ணியில் கரைஞ்சிருந்த மாவுச்சத்துதான் அவங்க கேட்ட உயிர். அந்தப் பஞ்சத்தில் சுமார் முப்பது லட்சம் பேர் செத்ததா சொல்றாங்க. பர்மாவை ஜப்பான் பிடிச்சதும் அங்கிருந்து வந்த அரிசி நின்னது பஞ்சத்தின் காரணங்களில் ஒண்ணு. மலேயாவை ஜப்பான் பிடிச்சதும் அங்கிருந்து வந்த சேகோவும் நின்னது. அதே 1943 வாக்கில்தான் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினாங்க. இன்னிக்கு இங்கே காய்ச்சல்காரங்களுக்குக் காய்ச்சிக் கொடுக்கிற சாபு, அதாவது ஜவ்வரிசி, பெரும்பாலும் சேலத்து மரவள்ளிதான். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. அந்தச் சேலத்திலேயே மரவள்ளி மாவில் மக்காச்சோள மாவைக் கலக்கிறாங்கன்னு விவசாயிங்க வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருக்காங்க. நோயாளிக்குக் கொடுக்கிற கஞ்சியிலுமா?

பஞ்ச காலத்தில்கூட ஒரு நேர்மை இருந்தது. கஞ்சித்தண்ணியைக் கஞ்சித்தண்ணின்னு சொல்லித்தான் கொடுத்தாங்க, வாங்கினாங்க. 1965-இல் பால் தட்டுப்பாடு வந்தப்போ இங்கத்த அரசாங்கம் சானா இனிப்புகளையே தடை பண்ணிச்சு. ஊரே கொதிச்சது, அது வேற விஷயம். ஆனா பால் இல்லைன்னா இல்லைன்னு சொன்னாங்க. இப்போ எல்லாம் இருக்கிற காலத்தில், பருப்பு இல்லாததை இருக்கிறதா காட்டறதுக்கு மாவு.

இன்னொண்ணு கேக்கணும். குழம்பு கெட்டியாத்தான் இருக்கணும்னு யார் சொன்னது? இந்த ஊரின் மலிவுச் சாப்பாட்டுக் கடைகளான பைஸ் ஹோட்டல்களுக்குப் போய்ப் பாருங்க. வாழையிலைக்குத் தனிக் காசு, எலுமிச்சைக்குத் தனிக் காசுன்னு கணக்கா வாங்குவாங்க. மீன் ஜோல் தண்ணியா ஓடும். இலையில் சோத்துக்கு வரப்புக் கட்டித்தான் சாப்பிடணும். கருஞ்சீரகமும் பச்சை மிளகாயும் மணக்கும், யாரும் அதைத் தண்ணிக் குழம்புன்னு திட்டறதில்லை. நம்ம ரசம் என்ன கெட்டியாவா இருக்கு? பருப்பு குறைச்சலா? தண்ணியாவே கொடுங்க. தண்ணிச் சாம்பார்னு சொல்லிக் கொடுங்க. இட்லியை முக்கி நிம்மதியா சாப்பிடறோம். இந்தப் பொய்க் கெட்டியை யாரு கேட்டது?

ஆமா, கேட்டது நாமதான்னு ஒரு ஹோட்டல்காரர் சொன்னார். தண்ணியா இருந்தா கஸ்டமர் திருப்பி அனுப்பறாங்க, போட்டோ எடுத்துப் போடறாங்க, ஸ்டார் குறைக்கிறாங்கன்னு. அதிலும் உண்மை இருக்கு. கண்ணுக்குக் கெட்டியா தெரிஞ்சா போதும்னு நாம பழகிட்டோம். வத்தக்குழம்பில் கடைசியில் ஒரு ஸ்பூன் அரிசி மாவைக் கரைச்சு விடறது நம்ம பாட்டிகளும் செஞ்சதுதான். ஆனா அவங்க நல்லெண்ணெயில் வத்தலை வறுத்து, புளி பச்சை வாசனை போய்ச் சுண்டற வரைக்கும் காத்திருந்து, அதுக்கப்புறம் அந்த ஒரு ஸ்பூனை விட்டாங்க. இப்போ சுண்டறதுக்கு யாருக்கும் நேரம் இல்லை, அந்த ஸ்பூன் மட்டும் கரண்டியா வளர்ந்திருக்கு.

ஹோட்டல் நடத்தறவங்களே, உங்ககிட்ட பெரிசா ஒண்ணும் கேக்கலை. அரிசி மாவு போடறீங்களா, போடுங்க, அது யாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாது. மைதா போட்டே ஆகணும்னா, கல்லாவுக்குப் பின்னாடி இன்றைய ஸ்பெஷல் எழுதற அதே போர்டில் கீழே ஒரு வரி எழுதுங்க, எந்தெந்தக் குழம்பில் கோதுமை மாவு இருக்குன்னு. தமிழிலும் வங்காள மொழியிலும் எழுதுங்க. சர்வருக்கும் சொல்லிக் கொடுங்க, குழம்பில் கரைச்சாலும் மைதா மைதாதான்னு. சாப்பிடப் போறவங்க நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்க: இந்தக் கிரேவியைக் கெட்டியாக்க என்ன போட்டிருக்கீங்க? பதில் வராட்டி ரசம் சாதம் சொல்லிடுங்க.